கப்பலில் ஒரு பாட்டில் ஒயின் 58 டாலரா? கால்வெஸ்டன் குரூஸ் போகிறவர்கள் என்ன செய்கிறீர்கள்?

ஹூஸ்டன்வாசி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நவம்பரில் எங்களுக்குக் கல்யாணமாகி 25 வருஷம் ஆகிறது. நானும் மனைவியும் டெக்சாஸ் துறைமுகமான கால்வெஸ்டனில் ஏறி கோசுமெல், ரோவாட்டான் தீவுகள் பக்கம் போய்விட்டு வரும் ஏழு இரவுக் கப்பலில் இடம் போட்டிருக்கிறோம். டிக்கெட் விலையைப் பார்த்து சந்தோஷப்பட்டேன், ஹூஸ்டனில் நல்ல ஹோட்டலில் ஏழு நாள் தங்கினால்கூட அதைவிடக் கூடுதலாக ஆகும், இதில் சாப்பாடும் சேர்த்தி.

என் கேள்வி ஒயின் பற்றியது. நாங்கள் இரண்டு பேரும் பெரிய குடிகாரர்கள் கிடையாது. இரவுச் சாப்பாட்டோடு ஆளுக்கு ஒரு கிளாஸ், அவ்வளவுதான், ஆனால் அந்த ஒரு கிளாஸ் எங்களுக்குப் பிடிக்கும். மூன்று வருஷம் முன்னால் வேறொரு கப்பலில் போனோம். பக்கத்துக் கடையில் 13 டாலருக்கு வாங்கும் அதே நியூசிலாந்து சாவிஞான் பிளாங்க் என்ற வெள்ளை ஒயின், அதே லேபிள், மெனுவில் 49 டாலர். அதன்மேல் 18 சதவீதம் சர்வீஸ் சார்ஜ், ஆக 57 டாலர் 82 சென்ட். முதல் நாள் கப்பல் துறையை விட்டுக் கிளம்பும் முன்பே ஒரு பாட்டில் திறந்தோம், அதற்கு டெக்சாஸ் விற்பனை வரி 8.25 சதவீதமும் சேர்ந்தது. கார்டை நீட்டினால் போதும், கையிலிருந்து காசு போவதே தெரிவதில்லை. கடைசி நாள் காலையில் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போன பில்லைப் பார்த்தபோதுதான் தெரிந்தது, ஒயினுக்கு மட்டும் 300 டாலருக்கு மேல். மனைவி ஒன்றும் சொல்லவில்லை, பில்லை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை.

நடுக்கடலில் வரியே கிடையாது என்கிறார்கள், டியூட்டி ஃப்ரீ என்று கடையே வைத்திருக்கிறார்கள். அப்புறம் ஏன் இந்த விலை? நாளைக்கு இவ்வளவு என்று மொத்தமாகக் கட்டிவிட்டுக் குடிக்கும் டிரிங்க் பேக்கேஜ் எடுப்பது லாபமா, வீட்டிலிருந்து பாட்டில் கொண்டுபோக விடுவார்களா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

நியூஜெர்சி_தமிழன்:

நண்பரே, பேக்கேஜ் உங்களுக்கு வேண்டவே வேண்டாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கிளாஸ் 13 டாலர், பேக்கேஜ் ஒரு நாளைக்கு ஒருவருக்கு 75 டாலர் என்று வைத்துக்கொண்டால் தினமும் ஆளுக்கு ஆறு கிளாஸ் குடித்தால்தான் போட்ட காசு திரும்பும். நீங்கள் குடிப்பது ஒன்று. கரையிறங்கி ஊர் சுற்றும் நாட்களிலும் அந்த 75 டாலர் ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

பாட்டில் கொண்டுபோகலாம். அமெரிக்காவிலிருந்து கிளம்பும் பெரிய கப்பல்கள் பலவற்றில் 21 வயதுக்கு மேற்பட்டவர்கள் ஆளுக்கு ஒரு 750 மில்லி ஒயின் பாட்டில், ஏறுகிற நாளில் மட்டும், கைப்பையில் வைத்து எடுத்துப்போகலாம். பெரிய பெட்டியில் போட்டு அனுப்பினால் ஸ்கேனிங்கில் பிடித்து எடுத்து வைத்துவிடுவார்கள். எல்லாக் கம்பெனியும் ஒன்று இல்லை, எம்.எஸ்.சி. வெளியிலிருந்து எந்த மதுவையும் உள்ளே விடுவதில்லை, வைக்கிங்கில் மதியமும் இரவும் சாப்பாட்டோடு ஒயினும் பியரும் டிக்கெட்டிலேயே சேர்த்தி. உங்கள் கம்பெனியின் விதியைக் கிளம்புவதற்கு முந்தின வாரம் இன்னொரு தடவை படித்துவிடுங்கள், அடிக்கடி மாற்றுகிறார்கள்.

கேபினில் வைத்துக் குடித்தால் பொதுவாகக் கட்டணம் கிடையாது. டைனிங் ஹாலுக்கு எடுத்துப்போனால் கார்க்கேஜ், அதாவது நம் பாட்டிலைத் திறந்து பரிமாறும் கட்டணம், வாங்குவார்கள், போன தடவை நான் பாட்டிலுக்கு 15 டாலர் கொடுத்தேன். அப்படியே வைத்துப் பாருங்கள்: இரண்டு பாட்டில் வீட்டிலிருந்து, 26 டாலர். கார்க்கேஜ் 30. ஒரு பாட்டிலில் ஐந்து கிளாஸ், ஆக ஐந்து இரவு ஓடிவிடும். மிச்ச இரண்டு இரவுக்குக் கப்பலில் ஒரு பாட்டில், 58. மொத்தம் 114 டாலர். இதையே தினமும் இரண்டு கிளாஸ் என்று தனித்தனியாக வாங்கினால் சர்வீஸ் சார்ஜோடு 215 டாலர் ஆகும்.

தாமரைக்குளம்:

பேக்கேஜ் பற்றி ஒன்று சேர்த்துச் சொல்கிறேன். என் கணவர் குடிப்பார், நான் தொடுவதே இல்லை. நாங்கள் போன கப்பலில் அவர் பேக்கேஜ் எடுக்கவேண்டும் என்றால் அதே கேபினில் இருக்கும் நானும் எடுத்தே ஆகவேண்டும் என்றார்கள். பெரிய கம்பெனிகள் பலவற்றில் இதுதான் விதி. ஒருவர் வாங்கி இரண்டு பேர் பங்குபோட்டுக் குடிப்பதைத் தடுக்கத்தான் இப்படி என்று புரிகிறது, ஆனாலும் ஆரஞ்சு ஜூஸ் குடிப்பவளிடம் நாளைக்கு 75 டாலர் கேட்பது நியாயமே இல்லை. எடுக்கவில்லை. அவருக்குத் தேவையானதைத் தனித்தனியாக வாங்கிக்கொண்டார், குறைவாகவும் குடித்தார்.

முத்துநகர்:

சார், நான் தூத்துக்குடிக்காரன். ஆறு வருஷம் குரூஸ் கப்பலில் வேலை பார்த்தேன், முதலில் பார் வெயிட்டர், அப்புறம் டைனிங் ஹாலில் ஒயின் பரிமாறும் பிரிவில். கம்பெனி பெயர் வேண்டாம். நீங்கள் கேட்ட "ஏன்" என்பதற்கு என்னால் கொஞ்சம் பதில் சொல்ல முடியும், நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த வரி விஷயம். எல்லோரும் இதைத்தான் கேட்பார்கள், மேஜையில் தினமும் ஒருவராவது கேட்பார். அமெரிக்காவில் ஒயினுக்கு மத்திய அரசின் எக்சைஸ் (கலால்) வரி கேலனுக்கு 1 டாலர் 7 சென்ட். ஒரு பாட்டிலுக்குப் பிரித்தால் 21 சென்ட். டெக்சாஸ் மாநில வரி பாட்டிலுக்கு 4 சென்ட். இறக்குமதி வரியை விட்டுவிட்டுப் பார்த்தால், நீங்கள் 13 டாலருக்கு வாங்கும் பாட்டிலில் அரசாங்கத்துக்குப் போவது இந்த 25 சென்டும், மேலே விற்பனை வரி ஒரு டாலர் சொச்சமும்தான். ஆக, இந்த வரிகளே இல்லை என்றாலும் அமெரிக்காக்காரருக்கு மிச்சமாவது ஒன்றரை டாலர்கூட இல்லை. டியூட்டி ஃப்ரீ என்ற வார்த்தை விஸ்கிக்கும் சிகரெட்டுக்கும் செய்வதை ஒயினுக்குச் செய்யாது.

இரண்டாவது, கடை விலையோடு ஒப்பிடாமல் ஹூஸ்டனில் ஒரு நல்ல ரெஸ்டாரன்ட் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கேயும் மொத்த விலையைப்போல் மூன்று மடங்கு போடுவதுதான் வழக்கம். ஒரு பாட்டிலைத் திறந்தால் முதல் கிளாஸிலேயே பாட்டிலின் அடக்க விலை வந்துவிட வேண்டும், மீதி நான்கு கிளாஸ் லாபம் என்பது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. கப்பலிலும் அதேதான், ஆனால் கப்பலில் பக்கத்துத் தெரு என்று ஒன்று இல்லை. பிடிக்கவில்லை என்று எழுந்துபோக இடம் கிடையாது. அதனால் இன்னும் கொஞ்சம் ஏற்றுவார்கள்.

மூன்றாவதுதான் முக்கியம். உங்கள் டிக்கெட் மலிவாக இருந்தது என்றீர்களே, அந்த மலிவுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? கம்பெனிகளின் வருடாந்திரக் கணக்கு யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ராயல் கரீபியனின் 2023 கணக்கில் மொத்த வருமானம் சுமார் 1,390 கோடி டாலர், அதில் டிக்கெட் 957 கோடி. மீதி 433 கோடி கப்பலுக்குள் செலவழித்ததும் இதர வரவும். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. பார், காசினோ, வைஃபை, கரைச் சுற்றுலா எல்லாம் அதில் அடங்கும். அறையைக் குறைந்த விலைக்குக் கொடுத்து ஆளை ஏற்றிவிட்டு உள்ளே எடுக்கிறார்கள். தாமரைக்குளம் அக்கா மாதிரி குடிக்காதவர்களின் டிக்கெட்டை உங்கள் 49 டாலர் பாட்டில் கொஞ்சம் தாங்குகிறது என்றுகூடச் சொல்லலாம்.

இப்போது மேஜைப் பக்கத்திலிருந்து ஒரு விஷயம். பாட்டிலாக வாங்கினால் ஒரே இரவில் முடிக்கவேண்டும் என்று நிறையப் பேர் நினைத்துக்கொண்டு கிளாஸாகவே வாங்குவார்கள். அப்படி இல்லை. மிச்சத்தை நாங்கள் எடுத்து வைப்போம். கழுத்தில் ஒரு அட்டையை மாட்டி மார்க்கர் பேனாவால் கேபின் நம்பர் எழுதி, வெள்ளை ஒயினைக் குளிர்பெட்டியிலும் சிவப்பை ரேக்கிலும் வைப்போம். கடல் ஆடும் இரவுகளில் பாட்டில்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டே இருக்கும், நடுவில் நாப்கினை மடித்துச் செருகுவேன். மறுநாள் நீங்கள் உட்காரும் முன்பே உங்கள் பாட்டில் மேஜைக்கு வந்துவிடும். வேறு ரெஸ்டாரன்டில் சாப்பிடப் போகிறீர்கள் என்றாலும் முன்கூட்டிச் சொன்னால் நாங்கள் அங்கே கொண்டுபோய்க் கொடுப்போம். சிவப்பு ஒயின் கொஞ்சம் வெதுவெதுப்பாக இருந்தால் தயங்காமல் பத்து நிமிஷம் ஐஸ் பக்கெட்டில் வைக்கச் சொல்லுங்கள். கீழ்த்தளங்களில் நல்ல சூடு, பாட்டில் மேலே வரும்போதே சூடேறித்தான் வரும்.

ஒரு வேண்டுகோள். விலையைப் பார்த்துக் கோபம் வந்தால் பரிமாறுகிறவரிடம் காட்டாதீர்கள். ஒரு தடவை ஒருவர் இதே மாதிரி சாவிஞான் பிளாங்க் பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு போனில் கடை விலையைக் காட்டி என்னைத் திருடன் என்றார், பக்கத்து மேஜையெல்லாம் திரும்பிப் பார்த்தது. மெனுவில் ஒரு எண்ணைக்கூட மாற்ற எனக்கு அதிகாரம் கிடையாது. நான் வேலை பார்த்த கப்பலில் அந்த 18 சதவீதத்தில் எங்களுக்கு ஒரு பங்கு வரும், முழுசும் வராது. மாதம் வீட்டுக்கு அனுப்பியதில் பெரும்பகுதி அந்தப் பங்குதான். என் தங்கையின் நர்சிங் படிப்பு அதில்தான் முடிந்தது.

ஸ்டாக்ஹோம்_பனி:

முத்துநகர் அண்ணன் சொன்னதைப் படித்ததும் எங்கள் பக்கத்துக் கதை ஞாபகம் வந்தது, இங்கே நிலைமை தலைகீழ். ஸ்வீடனிலும் பின்லாந்திலும் மதுவுக்கு வரி மிக அதிகம், ஸ்வீடனில் ஒயின் பாட்டிலைச் சில்லறையாக விற்பது பெரும்பாலும் அரசாங்கத்தின் சிஸ்டம்போலாகெட் கடைதான். அதனால் ஸ்டாக்ஹோமிலிருந்து ஹெல்சின்கிக்கும் தூர்க்குவுக்கும் போகும் கப்பல்களில் ஜனங்கள் ஏறுவதே மலிவாக வாங்கத்தான். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கிடையே டியூட்டி ஃப்ரீ 1999 ஜூலையில் நின்றுபோனது. ஆனால் நடுவில் இருக்கும் ஓலண்ட் தீவுகள் ஒன்றியத்தின் வரி எல்லைக்கு வெளியே இருக்கின்றன. அதனால் கப்பல் நடுராத்திரியிலோ விடியற்காலையிலோ அங்கே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போகும். இறங்குகிறவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். அந்த ஒரு நிறுத்தத்தால் கப்பல் கடை முழுக்க வரியில்லாமல் விற்கலாம். காலையில் இறங்கும்போது பாருங்கள், சின்னத் தள்ளுவண்டியில் பெட்டி பெட்டியாகக் கட்டி இழுத்துக்கொண்டு போவார்கள். கப்பல் ரெஸ்டாரன்டில் உட்கார்ந்து குடித்தால் அந்த மலிவு கிடைக்காது, அது கடைக்கு மட்டும்தான்.

சிராங்கூன்:

சிங்கப்பூரிலும் அப்படித்தான். இங்கே ஒயினில் இருக்கும் சுத்த ஆல்கஹால் லிட்டருக்கு 88 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரி. 13 சதவீத ஒயின் ஒரு பாட்டில் என்றால் எட்டரை வெள்ளி வரியிலேயே போகிறது, மேலே 9 சதவீதம் ஜி.எஸ்.டி. ரெஸ்டாரன்டில் ஒரு சாதாரண பாட்டிலுக்கு 70, 80 வெள்ளி கொடுத்துப் பழகியவர்களுக்கு மரினா பேயில் ஏறும் கப்பலில் விலை பெரிதாகத் தெரியாது. நானும் வீட்டுக்காரரும் போனபோது நாங்கள் விலையைப் பற்றி யோசிக்கவே இல்லை, பில்லில் சர்வீஸ் சார்ஜைப் பார்த்துத்தான் கொஞ்சம் அதிர்ந்தோம்.

ஹூஸ்டன்வாசி எழுதியது:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. முத்துநகர் தம்பி, உங்கள் பதிலை மனைவிக்கும் படித்துக் காட்டினேன், 21 சென்ட் கணக்கு எனக்குத் தெரியவே தெரியாது. போன தடவை எங்கள் மேஜையில் பரிமாறியவர் இந்தோனேசியாக்காரர், நல்ல மனிதர், நான் அவரிடம் எதுவும் கடுமையாகப் பேசவில்லை, ஆனால் பில்லைப் பார்த்த அந்தக் கடைசி நாள் காலையில் முகம் கொடுத்துப் பேசவும் இல்லை. அதை இப்போது நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

முடிவு செய்துவிட்டோம். பேக்கேஜ் இல்லை. வீட்டிலிருந்து இரண்டு பாட்டில், கல்யாண நாள் இரவுக்கு மட்டும் கப்பலின் மெனுவிலிருந்து நன்றாக ஒன்று. அது என்ன விலை இருந்தாலும் அன்றைக்குப் பார்க்கப்போவதில்லை. இரண்டு சின்னக் கேள்வி: கொண்டுவருகிற பாட்டிலை கார்க் மூடியில் எடுப்பதா திருகு மூடியிலா? கோசுமெலில் ஒரு பாட்டில் வாங்கினால் கப்பலில் குடிக்க விடுவார்களா?

முத்துநகர்:

திருகு மூடியே எடுங்கள் சார், கேபினில் திறப்பதற்கு ஆளைக் கூப்பிட்டுக் காத்திருக்க வேண்டாம், மிச்சத்தை மூடி வைக்கவும் சுலபம். கைப்பையில் நிற்கவைத்து, ஆளுக்கு ஒன்றாகத் தனித்தனிப் பையில் வையுங்கள், இரண்டையும் ஒரே பையில் பார்த்தால் வரிசையில் நிறுத்திக் கேள்வி கேட்பார்கள்.

கோசுமெலில் வாங்குவதைப் பெரும்பாலும் கப்பல் வாசலிலேயே உங்களிடமிருந்து எடுத்து வைத்துக்கொண்டு, சீட்டு கொடுத்து, கடைசி இரவுதான் திருப்பித் தருவார்கள். அதுபோக கால்வெஸ்டனில் இறங்கும்போது டெக்சாஸ் மதுபான ஆணையத்தின் கவுண்டர் இருக்கும், வெளியிலிருந்து கொண்டுவரும் ஒவ்வொரு பாட்டிலுக்கும் வரியும் கட்டணமும் அங்கே கட்டவேண்டும். ஒயினுக்காக அந்த வரிசையில் நிற்க வேண்டாம். கல்யாண நாள் எந்தத் தேதி என்று முதல் இரவே உங்கள் வெயிட்டரிடம் சொல்லிவிடுங்கள், அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.