சென்ட்ரல் பார்க் டவர்: உச்சியைத் தொட்ட நாள்தான் நிறைவு நாளா?

வான்நோக்கி:
நம் குழுவின் குடியிருப்புக் கோபுரப் பட்டியலில் நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க் டவருக்கு எந்த நாளைக் குறிப்பது என்பது இன்னும் முடிவாகாததால் இந்த விவாதத்தைத் தொடங்குகிறேன். என் கருத்து தெளிவானது. 2019 செப்டம்பர் 17 அன்று அதன் கட்டமைப்பு 472.4 மீட்டரைத் தொட்டது. அதே நகரில் 425.5 மீட்டர் உயரமுள்ள 432 பார்க் அவென்யூ என்ற குடியிருப்புக் கோபுரத்தை அது விஞ்சிவிட்டதால், உலகின் மிக உயரமான குடியிருப்புக் கட்டடம் என்ற இடம் அன்றே அதற்கு உரியதாகிவிட்டது. தள எண்ணிக்கையை நாம் நம்ப முடியாது. 432 பார்க் அவென்யூவின் மேல்தளத்துக்கு 96 என்று எண் கொடுத்திருக்கிறார்கள். தரையிலிருந்து எண்ணிப் பார்த்தால் 85 தளங்களே உள்ளன. விற்பனைக்காக எண்களைத் தாண்டிச் செல்லும் கட்டடங்களில் மீட்டர் கணக்கு ஒன்றுதான் பொய் சொல்லாதது. எனவே உயரம் நிறைவடைந்த நாளையே பதிய வேண்டும்.

கற்றளி:
நண்பர் வான்நோக்கி பல ஆண்டுகளாக ஒவ்வொரு தளத்தையும் படம் பார்த்து எண்ணிப் பதிந்துவந்த உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனால் அவர் சொல்லும் நாளை என்னால் ஏற்க இயலவில்லை. நம் ஊரில் மேல்தளத்துக்குக் கான்கிரீட் போட்ட அன்றே யாரும் பால் காய்ச்சிக் குடியேறுவதில்லை. 432 பார்க் அவென்யூ 2014 அக்டோபரில் உச்சியைத் தொட்டது. பணி நிறைவுற்றதோ 2015 டிசம்பரில். இடைப்பட்ட பதினான்கு மாதங்களை வெறும் காத்திருப்பு என்று தள்ளிவிட முடியுமா? ஆட்களையும் பொருள்களையும் ஏற்றிச்சென்ற வெளிப்புற லிஃப்ட் கட்டடத்தின் ஒரு பக்கத்தை ஒட்டியே நிற்கும். அதைக் கழற்றிய பிறகுதான் அந்தப் பட்டைக்கு முகப்பு போட முடியும். உள்ளே லிஃப்டுகள் சோதிக்கப்பட வேண்டும், நானூறு மீட்டருக்கு மேல் தண்ணீர் கட்டம் கட்டமாக ஏற்றப்பட வேண்டும், ஆட்டத்தைத் தணிக்கும் எடைகள் கட்டடத்தின் அசைவுக்கு ஏற்பச் சரிசெய்யப்பட வேண்டும். தொலைவிலிருந்து எடுத்த படத்தில் இவற்றில் எதுவும் தெரியாது. தெரியாத காரணத்தால் அவை நடக்கவில்லை என்று பதிவது பிழை.

நெய்தல்:
நான் இருவரோடும் மாறுபடுகிறேன். மீட்டர் கணக்கு பொய் சொல்லாது என்ற அடிப்படையே எனக்குச் சரியாகப் படவில்லை. நியூயார்க்கின் மண்டல விதிகள் ஒரு மனையில் எவ்வளவு தளப்பரப்பு கட்டலாம் என்பதைத்தான் முதன்மையாகக் கட்டுப்படுத்துகின்றன; இயந்திரங்களுக்கான இடம் அந்தக் கணக்கில் சேராது. பக்கத்து மனைகளின் பயன்படாத கட்டும் உரிமையை விலைக்கு வாங்கிச் சேர்த்தும், இயந்திர அறை என்ற பெயரில் மிக உயரமான வெற்றிடங்களை நடுவில் நுழைத்தும், அதிக விலைக்குப் போகும் வீடுகளை மேலே தூக்கிவிடுகிறார்கள். இதனால்தான் 2019 மே மாதத்தில் நகர மன்றம், குடியிருப்புக் கோபுரங்களில் 25 அடிக்கு மேல் உயரமுள்ள இயந்திரத் தளங்களைத் தளப்பரப்பில் சேர்க்கும்படி விதியைத் திருத்தியது. யாரும் வாழாத வெற்றிடத்தின் உயரத்துக்கு நாம் ஏன் முதலிடம் தர வேண்டும்? ஆள் குடியிருக்கும் மிக உயர்ந்த தளம் எதுவோ அதன் உயரத்தையே பதிய வேண்டும் என்று கோருகிறேன்.

வான்நோக்கி:
நெய்தல் சுட்டிய திருத்தம் உண்மையானதே. ஆனால் அது நான்கு புறமும் மூடிய இயந்திரத் தளங்களைக் குறித்தது. 432 பார்க் அவென்யூவில் பன்னிரண்டு தளங்களுக்கு ஒருமுறை, இரண்டு தள உயரத்துக்குக் கண்ணாடியே இல்லாமல் திறந்து விடப்பட்டிருக்கும் பகுதிகள் வேறு வகை. அந்தக் கோபுரத்தின் அடி ஒவ்வொரு பக்கமும் சுமார் 28.5 மீட்டர்தான், உயரமோ அதைப் போல் பதினைந்து மடங்கு. இவ்வளவு ஒல்லியான சதுரக் கட்டடத்தைக் காற்று கடக்கும்போது இரு பக்கமும் மாறி மாறிச் சுழல்கள் பிரிந்து அதைப் பக்கவாட்டில் இழுக்கின்றன. அந்த இழுப்பின் தாளம் கட்டடத்தின் இயல்பான ஆட்டத்தோடு பொருந்திவிட்டால் அசைவு பெருகிக்கொண்டே போகும். திறந்த தளங்கள் காற்றை ஊடே விட்டு அந்தச் சுழல்களின் ஒழுங்கைக் குலைக்கின்றன. அவை இல்லாமல் மேலே உள்ள வீடுகள் வாழத்தக்கவையாக இரா. முதுகெலும்பின் ஒரு பகுதியை உயரக் கணக்கிலிருந்து நீக்குவது எப்படி நியாயமாகும்?

நெய்தல்:
காற்றைப் பற்றிய விளக்கத்தை ஏற்கிறேன். திறந்த தளங்களைப் பொறுத்தவரை என் வாதத்தைத் திரும்பப் பெறுகிறேன். மூடிய வெற்றிடங்களைப் பொறுத்தவரை என் நிலை மாறவில்லை.

கற்றளி:
வாழத்தக்கவை என்ற சொல்லை வான்நோக்கியே பயன்படுத்தியதால் ஒன்றைக் கேட்கிறேன். 2021-இல் அதே 432 பார்க் அவென்யூவின் குடியிருப்போர் அமைப்பு, கட்டியவர்கள் மீது வழக்குத் தொடுத்தது. நீர்க்கசிவு, நின்றுபோகும் லிஃப்டுகள், காற்றில் எழும் கிறீச்சிடும் ஓசை எனக் கட்டுமானத்திலும் வடிவமைப்பிலும் 1,500-க்கும் மேற்பட்ட குறைகள் இருப்பதாக அவர்கள் குற்றஞ்சாட்டினார்கள். எதிர்த்தரப்பு அதை மறுத்தது. யார் சொல்வது சரி என்று தீர்ப்பளிக்க நான் வரவில்லை. குற்றச்சாட்டில் உள்ளவற்றில் பெரும்பாலானவை, நாம் படம் எடுத்து எண்ணி மகிழ்ந்த கட்டத்துக்குப் பிறகு நடந்த வேலைகளைச் சார்ந்தவை என்பதைத்தான் கவனிக்கச் சொல்கிறேன். கட்டுமான வளர்ச்சியைப் பின்தொடர்கிறோம் என்று சொல்லிக்கொள்ளும் நாம் அந்தக் கட்டத்தில்தான் கண்ணை எடுத்துவிட்டோம்.

சென்ட்ரல் பார்க் டவரிலும் இதையே பார்க்கிறேன். தரையிலிருந்து ஏறக்குறைய 88 மீட்டர் உயரத்தில் அந்தக் கோபுரம், பக்கத்திலுள்ள ஆர்ட் ஸ்டூடன்ட்ஸ் லீக் என்ற ஓவியப் பள்ளியின் பழைய கட்டடத்துக்கு மேலாக எட்டு மீட்டருக்கும் அதிகமாக வெளியே நீள்கிறது. மேலே உள்ள வீடுகளுக்குப் பூங்கா தெரிய வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. கீழே தாங்கு தூண் இல்லாமல் அந்த நீட்சியைக் கட்டியதே முழுப் பணியிலும் கடினமான கட்டங்களுள் ஒன்று என்று ஒரு கட்டடப் பொறியாளனாகக் கருதுகிறேன். நம் பதிவேட்டில் அதற்கு ஒரு வரிகூட இல்லை. எத்தனையாவது தளம் என்ற எண் மட்டும் இருக்கிறது.

வான்நோக்கி:
நீட்சியைப் பற்றி எழுதாமல் விட்டது என் குறை. பழைய படங்களைத் தேடி அதைச் சேர்க்கிறேன். ஆனாலும் உச்சியைத் தொட்ட நாளைச் சிறுமைப்படுத்த வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். 2012 அக்டோபரில் சாண்டி புயலின்போது, நியூயார்க்கில் கட்டப்பட்டுக்கொண்டிருந்த ஒன்57 கோபுரத்தின் கிரேன் கை பின்புறமாக மடங்கித் தொங்கியது; கீழே தெருவை மூடி மக்களை வெளியேற்றினார்கள். அந்தப் படங்களை இரவெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தவன் நான். அவ்வளவு உயரத்தில் மனிதர்கள் நின்று செய்யும் வேலை எத்தகையது என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. கடைசித் தளத்துக்குக் கான்கிரீட் போடும் நாள் அந்தத் தொழிலாளர்களின் நாள். வீடு வாங்குபவரின் நாள் பிறகு வருகிறது. இரண்டையும் பதிவேட்டில் தனித்தனிப் பத்தியில் எழுதலாம் என்றால் உடன்படுகிறேன். முதல் பத்தியை நீக்கச் சொன்னால் உடன்பட மாட்டேன்.

கற்றளி:
நீக்கச் சொல்லவில்லை. தரவரிசையை இரண்டாவது பத்தியின்படி அமைக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை. அதிலிருந்து நான் இறங்கி வருவதாக இல்லை.