திங்கட்கிழமை வயிற்றுவலியும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையும்

மேலூர் டீச்சர்:

மேலூர் பக்கம் ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு ஆசிரியை. ஒரு மாணவி காலாண்டு லீவு முடிந்து மூன்று வாரத்தில் நாலு நாள்தான் வந்திருக்கிறாள். காலையில் யூனிஃபார்மைக் கையில் எடுத்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறாளாம், சில நாள் வாந்தியும். "சரி, இன்னைக்கு வேண்டாம்" என்றால் பத்தரைக்கெல்லாம் தெளிந்து தோசை சாப்பிடுகிறாள். சனி, ஞாயிறு வலி கிடையாது. ஸ்கேனில் ஒன்றுமில்லை. அப்பா "நடிப்பு, நாலு சாத்து சாத்தினா சரியாயிரும்" என்கிறார். அப்பத்தா பாண்டி கோயிலுக்குக் கூட்டிப்போய் மந்திரித்துக் கயிறும் கட்டிவிட்டார். சனிக்கிழமை வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். என்ன கேட்பது, எப்படித் திரும்பக் கொண்டுவருவது? தீபாவளி லீவு வேறு வருகிறது.

வைகை வடகரை:

நடிப்பு இல்லைங்க டீச்சர். "வயித்தைக் கலக்குது"ன்னு நம்ம ஊர்ல சொல்றது வெறும் பேச்சில்லை. பயம் வந்தா குடல்தான் முதல்ல கலங்கும். வலி நிஜம், காரணம்தான் வேற இடத்துல இருக்கு. கட் அடிக்கிற பிள்ளை வீட்டுக்குத் தெரியாம வெளியே சுத்தும். இது வீட்டுக்குத் தெரிஞ்சே வீட்டுக்குள்ள கிடக்குது. ரெண்டுக்கும் வைத்தியம் வேற.

எட்டேகாலுக்கு "இன்னைக்கு வேண்டாம்"னு அம்மா சொன்ன நிமிஷம் பயம் சட்டுனு இறங்குது பாருங்க, முடிச்சு விழுறது அங்கதான். அந்த நிம்மதியை உடம்பு ஞாபகம் வச்சுக்கும். மறுநாள் வலி இன்னும் சீக்கிரமா, இன்னும் பலமா வரும். நாளாக ஆக, விட்டுப்போன பாடமும் "எங்கடி போயிருந்த"ன்னு கேக்கப்போற கூட்டாளிகளும் சேர்ந்து பாரம் ஏறிரும். அதனால "மனசு சரியாகட்டும், அப்புறம் அனுப்புவோம்"ங்கிறது தலைகீழ். கொஞ்சங்கொஞ்சமா போகப்போகத்தான் மனசு சரியாகும்.

வீட்டுக்குப் போனா "ஏன் வரலை"ன்னு கேக்காதீங்க. அதுக்கே தெரியாது, "தெரியலை மிஸ்"னு வாயை மூடிக்கும். ஒரு தாள்ல டைம்டேபிளைக் கட்டம் போட்டு எழுதுங்க. பீரியட் மட்டும் பத்தாது. பஸ் ஸ்டாப், பிரேயர், இன்டர்வெல், சாப்பாட்டு நேரம், பி.டி., கடைசி பெல் எல்லாத்துக்கும் தனிக் கட்டம். ஒவ்வொண்ணுக்கும் பயம் எவ்வளவுன்னு 0லருந்து 10 வரை மார்க் போடச் சொல்லுங்க. பேசாத பிள்ளையும் கையில பென்சில் கொடுத்தா போடும். அம்மா அடுப்படியில இருக்கும்போது செய்ங்க, பக்கத்துல உக்காந்தா அம்மாவுக்குப் பிடிச்ச மார்க்தான் வரும். பஸ்ல கிண்டல், சாதிப் பேச்சு, சாதிக்குன்னு கையில கட்டுற கலர்க் கயிறு, போன்ல சுத்துற போட்டோ, இதெல்லாம் நீங்களா எடுத்துக் கேட்டாத்தான் வெளிய வரும்.

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்"னு மட்டும் சத்தியம் பண்ணிராதீங்க. யாராவது தப்பாத் தொட்டதாச் சொன்னா 2012 போக்சோ சட்டப்படி நீங்க போலீஸுக்குச் சொல்லியே ஆகணும். குழந்தைகள் உதவி எண் 1098-ல கூப்பிட்டா வழி சொல்வாங்க. துருவித் துருவிக் கேக்காம, பிள்ளை சொன்ன வார்த்தையை அப்படியே எழுதி வைங்க.

மாட்டுத்தாவணி:

டி.சி. வாங்கி வேற ஸ்கூல்ல போட்டா முடிஞ்சது. இதுக்கு எதுக்கு இவ்வளவு?

ஓ.பி. சீட்டு:

கிண்டலோ அடியோ காரணமென்றால் மாற்றுவதில் நியாயம் உண்டு சார். காரணம் தெரியாமல் மாற்றினால் புதுப் பள்ளியில் சில வாரம் நன்றாகப் போகும், பிறகு அதே வலி அங்கேயும் ஆரம்பிக்கும்.

டீச்சர், ஸ்கேனோடு விட வேண்டாம். ராத்திரி தூக்கத்திலிருந்து எழுப்புகிற வலி, எடை குறைவது, மலத்தில் ரத்தம், விடாத காய்ச்சல், பச்சையாக வாந்தி, இதில் எது இருந்தாலும் முதலில் குழந்தைகள் டாக்டர். இல்லையென்றாலும் ஹீமோகுளோபின், தைராய்டு, சிறுநீர்ப் பரிசோதனை மூன்றும் பார்த்துவிடுங்கள். இந்த வயதுப் பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே என்றால் ரத்தசோகை. அந்தச் சோர்வைத்தான் பாதி வீட்டில் சோம்பேறித்தனம் என்று திட்டுகிறார்கள்.

வளரும் பிள்ளைகளுக்கு மனச்சோர்வு அழுகையாக வராமல் எரிந்து விழுவதாகவும் வரும். இரண்டு வாரத்துக்கு மேல் அப்படி இருந்து, தூக்கமும் சாப்பாடும் மாறி, பிடித்த விஷயத்திலேயே நாட்டம் போயிருந்தால் காத்திருக்க வேண்டாம். "செத்துப்போகணும்னு தோணுதா" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆமாம் என்றால் பிள்ளையைத் தனியே விடக்கூடாது. வயலுக்கு வாங்கிய மருந்து, அப்பத்தாவின் சுகர் மாத்திரை எல்லாம் பூட்டுக்குள் போக வேண்டும், அன்றே ஆஸ்பத்திரிக்கும் போக வேண்டும். ராத்திரி யோசனை கேட்க அரசு மனநல உதவி எண் டெலி மானஸ் 14416. 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், காசு கிடையாது.

பெரியாஸ்பத்திரியில், அதாவது மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில், மனநலப் பிரிவு ஓ.பி. உண்டு. காலையிலேயே போய்ச் சீட்டுப் போடச் சொல்லுங்கள். பழைய மருந்துச் சீட்டு, ரேங்க் கார்டோடு கிளாஸ் நோட்டுகளும் கையில் இருக்கட்டும். நோட்டைப் பார்த்தால் பேச்சில் வராதது தெரியும். ஃப்ளூவாக்ஸெடின் மாதிரி மனச்சோர்வு மாத்திரை எழுதினால் பலன் தெரிய 4 முதல் 6 வாரம் ஆகும். முதல் சில வாரம் பதற்றமோ சாவு எண்ணமோ கூடுகிறதா என்று வீட்டார் கண் வைத்திருக்க வேண்டும். "இப்ப நல்லாயிட்டா" என்று தாங்களாக நிறுத்தக்கூடாது.

கோயில் கயிறு கையிலேயே இருக்கட்டும். அப்பத்தாவைப் பகைத்துக்கொண்டால் ஓ.பி.க்குக் கூட்டிவர ஆள் இருக்காது.

மேலூர் டீச்சர்:

போய் வந்தேன். சாவு எண்ணம் இல்லை என்றாள், தொடுவது பற்றியும் ஒன்றும் இல்லை. பிரேயர் 3, கணக்கு 2, சாப்பாட்டு நேரம் 4, கடைசி பெல் 0. இன்டர்வெல் 8. இங்கிலீஷ் 9, பக்கத்தில் அவளே "ரீடிங்" என்று எழுதியிருக்கிறாள்.

வைகை வடகரை:

தாளே பேசுது டீச்சர். 8-ம் 9-ம் வேற வேற கதை.

இன்டர்வெல் 8-ன்னா முதல்ல டாய்லெட்டைப் போய்ப் பாருங்க. தாழ்ப்பாள் இருக்கா, தண்ணி வருதா, நாப்கின் போட மூடின டப்பா இருக்கா. பயந்துக்கிட்டுக் காலையில இருந்து தண்ணியே குடிக்காத பிள்ளைங்க நிறைய. அடக்கி அடக்கி மலச்சிக்கலும் நீர்க்கடுப்பும் வந்தா அதுவே வயித்துவலி. தாழ்ப்பாளை மாட்டுங்க, பெல் அடிக்க அஞ்சு நிமிஷம் முன்னாடி போக அனுமதி கொடுங்க. அந்த 8 பாதியாகும்.

இங்கிலீஷுக்கு ஒரு சின்னச் சோதனை. தெரியாத பத்தி ஒண்ணைத் தனியா வாசிக்கச் சொல்லிக் கேள்வி கேளுங்க. அடுத்து அதே அளவு இன்னொரு பத்தியை நீங்க வாசிச்சுக் காட்டிக் கேளுங்க. ரெண்டாவதுல பதில் பளிச்சுனு வந்து முதல்ல திணறினா அறிவுல குறையில்லை, வாசிப்புலதான் தடை. தமிழ்லயும் பாருங்க. ல, ள, ழ மாறுறது எல்லார்கிட்டயும் இருக்கு, அதைக் கணக்குல எடுக்க வேண்டாம். ஒன்பதாவதுலயும் கொம்பும் காலும் விட்டுப்போகுதுன்னா கற்றல் குறைபாட்டுப் பரிசோதனை அவசியம். சான்று இருந்தா பொதுத்தேர்வுல கூடுதல் நேரம், சொல்றதை எழுத ஆள் கிடைக்கும். இப்பவே ஆரம்பிச்சாத்தான் பத்தாவதுக்குள்ள கைக்கு வரும். அதுவரைக்கும் வகுப்புல எழுப்பி வாசிக்கச் சொல்ல வேண்டாம்னு இங்கிலீஷ் மிஸ்கிட்ட சொல்லிருங்க.

திரும்பக் கொண்டுவர்றதைக் கடைசி பெல்லுல இருந்து தொடங்குங்க, அங்கதானே 0. முதல்ல, எல்லாரும் போனப்புறம் யூனிஃபார்ம்ல வந்து தன் பெஞ்சுல இருபது நிமிஷம் இருக்கட்டும். அடுத்து கடைசி பீரியட் மட்டும் இருந்துட்டுக் கூட்டாளிகளோட வீட்டுக்கு. அப்புறம் கடைசி ரெண்டு, மத்தியானம் முழுக்க, அப்படியே காலைப் பக்கம் ஏறணும். இங்கிலீஷ் எந்த நேரத்துல விழுந்தாலும் அந்தப் பீரியட் லைப்ரரியில இருக்கட்டும், கடைசியா சேர்த்துக்கலாம். ஒரு படியில பயம் பாதியா இறங்கினாத்தான் அடுத்தது, பெரும்பாலும் ரெண்டு மூணு நாள். பயம் உச்சத்துல இருக்கும்போது வீட்டுக்கு அனுப்புனா பழைய முடிச்சுதான். வராண்டாவுல அஞ்சு நிமிஷம் நிறுத்தி, நாலு எண்ணுற வரைக்கும் மூச்சை இழுத்து ஆறு எண்ணுற வரைக்கும் விடச் சொல்லி, திரும்ப உள்ளே.

கேட்டுல விடுறது அம்மா வேண்டாம், அழுதுருவாங்க. மாமாவோ சித்தப்பாவோ விட்டுட்டு ரெண்டு நிமிஷத்துல கிளம்பிரணும். அப்பாகிட்ட அடிச்சா பயம் ரெண்டா ஆகும்னு மட்டும் சொல்லுங்க. வீட்டுல இருக்கிற நேரத்துல போன், டி.வி. கிடையாது, எழுந்திரிக்கிறது பள்ளி நாள் மாதிரியே. அது தண்டனையில்லை, வீடு பள்ளியை விட ருசியா இருக்கக்கூடாது, அவ்வளவுதான். பழைய ஹோம்வொர்க் பாக்கியைத் தள்ளுபடி பண்ணிருங்க.

தீபாவளிக்கு அப்புறம் ஒரு வழுக்கல் கண்டிப்பா வரும், பதறாதீங்க. திறக்கிறதுக்கு முந்தின சாயங்காலம் அவளும் ஒரு கூட்டாளியும் கேட் வரைக்கும் நடந்துட்டு வரட்டும். மறுநாள் ரெண்டு படி கீழே இறங்கித் தொடங்குங்க.