கடையில் ‘போர்டு போய்விட்டது’ என்கிறார்கள், வகுப்பில் சுட்டியைத் தொடவே விடவில்லை: என்ன செய்யலாம்?

கடைசி பெஞ்சு (கேள்வி)

முப்பத்தோரு ஆண்டுகள் பள்ளியில் தமிழ் நடத்தி ஓய்வுபெற்றவள் நான். வயது 63. ஒரே வாரத்தில் இரண்டு இடங்களில் மூக்குடைபட்டு வந்திருக்கிறேன். இரண்டையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

முதலாவது, மடிக்கணினி. மகன் பயன்படுத்திவிட்டு எனக்குக் கொடுத்தது. பொத்தானை அழுத்திவிட்டுத் துணியெல்லாம் உலர்த்திவிட்டு வந்து பார்த்தாலும் திரையில் அந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். கடிகாரம் வைத்துப் பார்த்தேன், பதினோரு நிமிடம். பழுதுபார்க்கும் கடைக்கு எடுத்துப் போனேன். அங்கிருந்த பையன் மூடியைத் திறந்தார், ஒரு நிமிடம் பார்த்தார், மூடினார். “போர்டு போய்விட்டது அம்மா, புதிது வாங்கிவிடுங்கள். பழையதை நாங்களே எடுத்துக்கொள்கிறோம்” என்றார். ஒரு திருகாணிகூடக் கழற்றவில்லை. நான் தயங்கியதும், “வேண்டுமானால் ஃபார்மட் போட்டுப் பார்க்கலாம்” என்றார். அந்தச் சொல்லுக்குப் பொருள் தெரியாவிட்டாலும் ஏனோ பயம் வந்துவிட்டது. வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். என் அம்மா எழுதிய கடிதங்களை மகன் படமெடுத்து அதற்குள்தான் வைத்திருக்கிறான், 340 பக்கங்கள். அவற்றைத் தட்டச்சு செய்ய வேண்டும் என்பதுதான் இந்த வயதில் எனக்குள்ள ஒரே கணினி ஆசை.

இரண்டாவது, தொடக்கநிலைக் கணினி வகுப்பு. பதினான்கு பேருக்கு நான்கு கணினிகள். முதல் ஆறு நாளும் நோட்டில் எழுதினோம்: உள்ளீட்டுச் சாதனம், வெளியீட்டுச் சாதனம், முதல் தலைமுறை வெற்றிடக் குழாய், இரண்டாம் தலைமுறை டிரான்சிஸ்டர். ஏழாம் நாள் கணினியை இயக்கினார்கள். சுட்டி எங்கள் வரிசையிலிருந்த ஒரு கல்லூரிப் பையன் கையில். நாங்கள் மூவர் அவன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தோம். தமிழில் எப்போது தட்டச்சு செய்வோம் என்று கேட்டேன். “அது நான்காம் மாதம்” என்றார் ஆசிரியர். புரியாமல் ஒப்பிக்காதே என்று எத்தனை பிள்ளைகளைக் கடிந்துகொண்டிருப்பேன்! அன்று நானே எழுந்து நின்று வெற்றிடக் குழாயை ஒப்பித்தேன்.

போர்டு உண்மையிலேயே போய்விட்டதா? நல்ல கடையையும் நல்ல வகுப்பையும் எதை வைத்து அடையாளம் காண்பது?

திருப்புளி

அம்மா, பத்தொன்பது வருடமாக இதே தொழிலில் இருக்கிறேன். போர்டு என்பது எல்லாப் பாகங்களையும் இணைக்கும் தாய்ப்பலகை. அது போன கணினி பெரும்பாலும் இயங்கவே இயங்காது. தாமதமானாலும் கடைசியில் இயங்கிவிடுகிறது என்றால், நான் முதலில் சந்தேகப்படுவது கோப்புகளைச் சேமித்து வைக்கும் ஹார்டு டிஸ்க்கைத்தான். பார்க்காமல் தீர்ப்புச் சொல்லக் கூடாது, அந்தப் பையன் செய்த தவறே அதுதான். நீங்களே பார்த்துச் சொல்லுங்கள்.

கணினி முழுமையாக இயங்கிய பிறகு கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் என்ற சன்னல் திறக்கும். சிறியதாக இருந்தால் கீழே ‘கூடுதல் விவரம்’ என்ற பொருளில் ஒன்று இருக்கும், அதைத் தட்டுங்கள். ‘பெர்ஃபார்மன்ஸ்’ பகுதியில் இடப்பக்கம் சிபியு (கணினியின் மூளை), மெமரி, டிஸ்க் என்று வரிசையாக இருக்கும். மூன்றுக்கும் நேரே உள்ள எண்களையும், சிபியுவைத் தட்டினால் வலப்பக்கம் மேலே வரும் பெயரையும் இங்கே எழுதுங்கள்.

அதற்கு முன் ஒன்று. கணினியருகே காதை வைத்துக் கேளுங்கள். டிக், டிக் என்று சீராகத் தட்டும் ஒலி வந்தால் எதையும் பார்க்க வேண்டாம், உடனே அணைத்துவிடுங்கள். டிஸ்க்குக்குள் படிக்கும் முனை இடம் தெரியாமல் திரும்பத் திரும்ப முயல்கிற ஒலி அது. ஓடவிடும் ஒவ்வொரு நிமிடமும் கோப்புகளுக்கு ஆபத்து. ஒலி இல்லையென்றால் வேறு எந்த வேலைக்கும் முன்னால் அந்த 340 படங்களையும் ஒரு பென் டிரைவில் நகலெடுத்துவிடுங்கள்.

ஃபார்மட் என்றால் டிஸ்க்கில் இருப்பதைத் துடைத்து அழிப்பது. அந்தச் சொல்லைக் கேட்டு நீங்கள் பயந்ததில் தப்பே இல்லை. தொழிலுக்கு வந்த இரண்டாம் வருடம் நான் ஒரு குடும்பத்தின் திருமணப் படங்களை அழித்திருக்கிறேன். டிஸ்க்கை சி டிரைவ், டி டிரைவ் என்று பகுதிகளாகப் பிரித்து வைத்திருப்பார்கள். “முக்கியமானவை எல்லாம் டி டிரைவில்தானே?” என்று கேட்டேன். ஆமாம் என்றார்கள். சி டிரைவை மட்டும் ஃபார்மட் அடித்து விண்டோஸ் போட்டுக் கொடுத்தேன். படங்கள் டெஸ்க்டாப்பில் இருந்திருக்கின்றன. டெஸ்க்டாப் என்பது சி டிரைவுக்குள் இருக்கும் ஒரு கோப்புறைதான் என்று அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், ஆனால் திறந்து பார்க்கவில்லை. அன்றிலிருந்து, கணினியை வாங்கும்போதே ‘எதை அழிக்கக் கூடாது?’ என்று கேட்டுச் சீட்டில் எழுதி, அவர்கள் கையெழுத்தையும் வாங்கிக்கொள்கிறேன். அந்தக் கேள்வியைக் கேட்காத கடையில் கணினியைக் கொடுக்காதீர்கள். கழற்றிய பழைய பாகத்தைத் திருப்பித் தருவார்களா என்பதையும் முன்பே கேட்டுவிடுங்கள். தருவேன் என்பவர் பொய்யாகப் பாகம் மாற்ற மாட்டார்.

எங்கள் பக்கத்தையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஒரு மணி நேரம் உட்கார்ந்து கோளாற்றைக் கண்டுபிடித்தால், “சும்மா பார்த்ததற்கு எதற்குக் கட்டணம்?” என்று கேட்பவர்கள்தான் அதிகம். பார்ப்பதற்குக் கூலி இல்லாத இடத்தில், பார்க்காமலே ‘போர்டு’ என்று சொல்லி அனுப்பிவிடுவது சிலருக்கு வழக்கமாகிவிட்டது. அது சரியில்லை. ஆனால் பரிசோதனைக் கட்டணம் என்று வெளிப்படையாகக் கேட்கும் கடையைக் கண்டு முகம் சுளிக்காதீர்கள்.

அரைகுறை

340 பக்கத்தையும் கைபேசியில் பேசியே தட்டச்சு செய்துவிடலாமே? வகுப்பு எதற்கு, கடை எதற்கு?

கடைசி பெஞ்சு

அரைகுறை தம்பி, முயன்றேன். அம்மா எழுதிய “ஔஷதம்” என்ற சொல்லை நான் படித்தேன், கைபேசி “அவசரம்” என்று எழுதியது. என் உச்சரிப்பைக் குறை சொல்லும் முதல் மாணவன் அதுதான்.

திருப்புளி, வீணை மீட்டுவதுபோல மூன்று விரலை வைத்து அழுத்தினேன், திறந்துகொண்டது. டிக் ஒலி இல்லை, காற்றாடியின் ஒலி மட்டும். சிபியு 14 சதவீதம். மெமரி 3.9 ஜிபியில் 3.2. டிஸ்க் 100 சதவீதம், கீழே எச்டிடி என்று இருக்கிறது. பத்து நிமிடம் உட்கார்ந்து பார்த்தேன், அந்த நூறு இறங்கவே இல்லை. பெயர் இன்டெல் கோர் ஐ3-6006யு. படங்களை இரண்டு பென் டிரைவில் போட்டுவிட்டேன்.

திருப்புளி

இரண்டில் போட்டீர்கள் பாருங்கள், அதற்கே தனியாகப் பாராட்ட வேண்டும்.

போர்டு நன்றாகத்தான் இருக்கிறது. எச்டிடி என்றால் உள்ளே தட்டு சுழலும் பழைய வகை டிஸ்க். மடிக்கணினிகளில் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 சுற்று. விண்டோஸ் தொடங்கும்போது ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைக் கேட்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு கை நகர்ந்து போய்த் தட்டில் அந்த இடம் சுழன்று வரும்வரை காத்திருக்க வேண்டும். ஒரே எழுத்தர் இருக்கும் அலுவலகத்தில் ஆயிரம் பேர் மனுவோடு நிற்பதுபோல. சிபியு 14 சதவீதத்தில் சும்மா உட்கார்ந்திருக்கிறது, டிஸ்க் நூறில் மூச்சுத் திணறுகிறது. எஸ்எஸ்டி என்பது சில்லுகளில் சேமிக்கும் புதிய வகை டிஸ்க். அதைப் போட்டால் சுழல்வதற்கும் நகர்வதற்கும் எதுவுமே இல்லை. கடையில் இப்படிக் கேளுங்கள்: “2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி போட வேண்டும், ரேமை 8 ஜிபி ஆக்க வேண்டும்.” இந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகு போர்டைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். சாட்டா என்பது இணைப்பின் வகை, ரேம் என்பது நீங்கள் பார்த்த அந்த மெமரிதான்.

புதிய டிஸ்க்கில் எந்த இயங்குதளம் என்பதுதான் யோசிக்க வேண்டிய விஷயம். விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. உங்கள் சிபியு 6ஆம் தலைமுறை. விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் ஏற்றுக்கொண்ட பட்டியலில் அது இல்லை. குறுக்கு வழியில் ஏற்றித் தருகிறேன் என்று சிலர் சொல்வார்கள். ஏற்றலாம், ஆனால் நாளைக்குப் புதுப்பிப்பு வராவிட்டால் பொறுப்பேற்க அவர்கள் இருக்க மாட்டார்கள். உரிமமில்லாத விண்டோஸைப் போட்டு, அதை இயங்கவைக்க ஒரு சின்ன நிரலையும் போடுபவர்களிடம் இன்னும் கவனமாக இருங்கள். அந்த நிரலை ஓட்ட வைரஸ் தடுப்பை அணைக்கச் சொல்வார்கள். கதவைக் கழற்றிவிட்டுப் பூட்டு மாட்டுகிற வேலை அது. கடிதம் தட்டச்சு செய்வது, இணையம், படம் பார்ப்பது மட்டும் போதும் என்றால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தைப் போடச் சொல்லுங்கள். இலவசம், இந்தக் கணினிக்குக் கச்சிதம்.

பழைய டிஸ்க்கைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கரும்பலகை

வகுப்புப் பற்றி யாரும் பேசவில்லையே என்று வந்தேன். ஓய்வுபெற்றவர்களுக்கு மட்டும் மாலை வகுப்பு எடுக்கிறேன்.

என் முதல் பாடம் கண்ட்ரோல்-இசட். ஒரு பத்தியைத் தட்டி வைத்திருப்பேன். “முழுவதையும் அழியுங்கள்” என்பேன். அழிக்க மாட்டார்கள், கை நடுங்கும். வற்புறுத்தி அழிக்கவைத்துவிட்டு, கண்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு இசட்டைத் தட்டச் சொல்வேன். பத்தி திரும்பி வரும்போது அந்த முகங்களைப் பார்க்க வேண்டும்! ‘தொட்டால் கெட்டுவிடும்’ என்ற பயம் பாதி போய்விடும். வெற்றிடக் குழாய் இதைச் செய்யாது.

அடுத்து இரட்டைச் சொடுக்கு. வயதானவர்கள் தடுமாறுவது இங்கேதான். காரணம் புத்தியில் இல்லை, விரலில். முதல் தட்டுக்கும் இரண்டாம் தட்டுக்கும் நடுவே சுட்டி ஒரு நூலளவு நகர்ந்துவிடுகிறது, கணினி அதை இழுப்பதாக எடுத்துக்கொள்கிறது. கோப்பு திறக்காமல் வேறெங்கோ போய் உட்கார்ந்துகொள்ளும். நான் இரட்டைச் சொடுக்கைச் சொல்லித்தருவதையே விட்டுவிட்டேன். ஒருமுறை தட்டு, பிறகு என்டர் விசையை அழுத்து. அவ்வளவுதான். இதைத் தெரிந்த ஆசிரியரா என்று பாருங்கள். வகுப்பில் சேரும் முன் ஒருநாள் பின்னால் உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். மாணவர் தடுமாறும்போது ஆசிரியர் சுட்டியைப் பிடுங்கித் தானே செய்து காட்டினால் எழுந்து வந்துவிடுங்கள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வாயால் வழி சொல்கிறவர் கிடைத்தால் விடாதீர்கள்.

உங்களுக்கு நான்காம் மாதம்வரை காத்திருக்கத் தேவையில்லை. தமிழ் 99 விசைப்பலகையைக் கற்றுக்கொள்ளுங்கள். உயிரெழுத்துகள் இடக்கைக்கு, மெய்கள் பெரும்பாலும் வலக்கைக்கு. ‘அம்மா’ என்று அடிக்க அ, ம, ம, ஆ என்று நான்கே தட்டு. ஒரே மெய் இரண்டு முறை வந்தால் முதல் எழுத்துக்குப் புள்ளியை அதுவே வைத்துக்கொள்ளும். ஆங்கில எழுத்தில் ஒலிபெயர்த்து அடிக்கும் முறையும் உண்டு, அவசரத்துக்கு உதவும். தமிழாசிரியை ஒருவர் அம்மாவின் கடிதத்தை ஆங்கில எழுத்துக்கூட்டி அடிப்பானேன்? விசைப்பலகைப் படத்தை அச்சிட்டுத் திரைக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். ஒரு நாளைக்கு ஒரு கடிதம் போதும்.

கடைசி பெஞ்சு (இரண்டு வாரம் கழித்து)

வேறொரு கடைக்குப் போய்த் திருப்புளி சொன்ன வாக்கியத்தை மனப்பாடமாகச் சொன்னேன். கடைக்காரர் நிமிர்ந்து பார்த்துவிட்டு ஒரு முக்காலியை இழுத்துப் போட்டார். என் கண்ணெதிரே கழற்றினார். நீளத் திருகாணிகள் ஒரு மூடியில், குட்டையானவை இன்னொரு மூடியில். காற்றாடியிலிருந்து ஒரு பஞ்சுருண்டை அளவுக்குத் தூசி வந்தது. பழைய டிஸ்க்கை உறையில் போட்டுக் கையில் கொடுத்தார். இப்போது மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போடுவதற்குள் கணினி தயாராகிவிடுகிறது. லினக்ஸ் மின்ட்தான். துணியை இனி எப்போது உலர்த்துவது என்றுதான் தெரியவில்லை.

கரும்பலகைக்கு ஒரு சந்தேகம். முதல் கடிதத்தின் முதல் சொல் “அன்புள்ள”. ‘ள்ள’ தானாக வந்துவிட்டது. ‘ன்’ மட்டும் புள்ளி இல்லாமல் ‘அனபுள்ள’ என்று நிற்கிறது. ஆனால் அடுத்த வரியில் ‘தங்கம்’ என்று அடித்தபோது ‘ங்’ சரியாக வந்தது. இது என்ன நியாயம்?

கரும்பலகை

தானாகப் புள்ளி வருவது இரட்டிக்கும் மெய்க்கும், ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப, ன்ற ஆகிய ஆறு இணைகளுக்கும் மட்டும்தான். ‘ன்ப’ அதில் இல்லை. ‘ன’ அடித்ததும் இடக்கைப் பக்கமுள்ள புள்ளி விசையை ஒருமுறை தட்டிவிட்டுப் ‘ப’ அடியுங்கள்.

கடைசி பெஞ்சு

அட, இன எழுத்துகள்! மெல்லினத்துக்குப் பின் அதன் வல்லினம். முப்பத்தோரு ஆண்டுகள் நான் நடத்திய பாடத்தை விசைப்பலகைக்குள் வைத்திருக்கிறார்களா? இதை முதல் நாளே சொல்லியிருந்தால் படத்தையே ஒட்டியிருக்க மாட்டேன்.

ஏழு கடிதம் முடிந்தது. இன்னொரு கேள்வி: அம்மா ‘லை’ என்பதைப் பழைய முறையில் துதிக்கை வளைத்துத்தான் எழுதுவார். அதை அப்படியே அடிக்க விசை எங்கே இருக்கிறது?

கரும்பலகை

விசை இல்லை. எழுத்துகளுக்குக் கணினி வைத்திருக்கும் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடில் பழைய ‘லை’க்கும் புதிய ‘லை’க்கும் குறியீடு ஒன்றே, வடிவம் மட்டும் எழுத்துருவைப் பொறுத்தது. இப்போது வழக்கம்போல அடித்து வாருங்கள். பழைய வடிவம் உள்ள எழுத்துரு ஒன்றைப் பிறகு நிறுவிக்கொண்டால், 340 பக்கமும் ஒரே தட்டில் அம்மாவின் ‘லை’க்கு மாறிவிடும்.