‘அளவு மாற்றம்’ போதாது: பிடிஎஃப் பக்கங்களுக்கு ஒரு சொல் வேண்டும்

ஐயா, வணக்கம்.

நூற்றுக்கணக்கான பிடிஎஃப் பக்கங்களை மொத்தமாக ஒரே தாள் அளவுக்குக் கொண்டுவரும் வேலைக்கு (ஆங்கிலத்தில் batch resize) தமிழ்ச் சொல்லாக நீங்கள் சொன்ன ‘தொகுதி மறுஅளவிடல்’ எனக்கு ஒப்பவில்லை. போன மாதம் எங்கள் குடும்ப நிலப் பத்திரங்களையும் அடங்கல் நகல்களையும் ஸ்கேன் செய்து, கும்பகோணத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் கொடுத்து, “அளவை மாத்தி எல்லாத்தையும் ஏ4-ல போட்டுக் குடுங்க” என்றேன். முதலில் கோப்பின் எடையை, அதாவது எம்பி கணக்கை, குறைத்துவிட்டார்கள், எழுத்தெல்லாம் கலங்கிப்போனது. அதில்லை, தாளின் அளவு என்று விளக்கிச் சொன்னதும், 14 அங்குலப் பத்திரத்தின் அடிப்பகுதியை வெட்டிவிட்டார்கள். அப்பாவின் கையெழுத்து இருந்த இடமே காணோம்.

கடைக்காரர் நான் சொன்னதைத்தான் செய்தார். சொல்தான் சரியில்லை. பிடிஎஃப்பில் ஒவ்வொரு பக்கத்துக்கும் தாளின் எல்லை நான்கு எண்களாக எழுதப்பட்டிருக்கும், அங்குலத்துக்கு 72 புள்ளி கணக்கில் ஏ4 என்றால் சுமார் 595-க்கு 842. அந்த எண்களை மட்டும் மாற்றினால் எழுத்து இருந்தபடியே இருக்கும், எல்லைக்கு வெளியே விழுந்தது கண்ணில் படாது. இது வெட்டு. நமக்கு வேண்டியது எழுத்தையும் சேர்த்துச் சுருக்குவது. லீகல் என்கிற அந்த 14 அங்குலத் தாள் பத்திரம் ஏ4-க்குள் முழுசாக அடங்க நூற்றுக்கு 83 பங்காக வேண்டும். இதைச் ‘சுருக்கம்’ என்றும் சொல்ல முடியாது, அந்தச் சொல் கோப்பின் எடைக்குப் போய்விட்டது. அதனால் ‘தாள்பொருத்தல்’ என்கிறேன். சின்ன பக்கத்தைப் பெரிதாக்கவும் அதே சொல் பொருந்தும்.

அப்புறம், தொகுதி என்றால் இங்கே தேர்தல்தான் ஞாபகம் வரும். நாற்றுக்கட்டு, இலைக்கட்டு, சுவடிக்கட்டு என்று நாம் தினம் புழங்கும் ‘கட்டு’ இருக்கிறதே. ‘கட்டுத் தாள்பொருத்தல்’ எப்படி?

*

தம்பி, தாள்பொருத்தல் நன்றாக இருக்கிறது, என் சொல்லை விட்டுவிடுகிறேன். ‘கட்டு’ மட்டும் வேண்டாம். அச்சகத்தில் கட்டு என்றால் பைண்டிங், தாளோடு சேர்த்துச் சொன்னால் அந்தப் பக்கம்தான் புத்தி போகும். ‘ஒருசேர’ என்று நம் வீட்டிலேயே ஒரு சொல் இருக்கிறது. ‘ஒருசேரத் தாள்பொருத்தல்’. மென்பொருளின் பொத்தானில் ‘பொருத்து’ போதும், பக்கத்திலேயே ‘வெட்டு’ தனியாக இருக்கட்டும். அசல் பத்திரம் பத்திரமாக இருக்கிறதல்லவா? மறுபடி ஸ்கேன் செய்து அனுப்பு, நானே பொருத்தித் தருகிறேன்.