வருமானம் கூடினால் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் குறையுமா? கெழு எதிர்மறையாக வருகிறது

ஆய்வு மாணவி:

வணக்கம். முதுகலை ஆய்வுக்காக வளரும் நாடுகளின் தலா வருமானத்தையும் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் பயன்பாட்டையும் சேர்த்துப் பார்க்கிறேன். உலக வங்கித் தரவிலிருந்து, மொத்த இறுதி ஆற்றல் நுகர்வில் (வீடுகளும் ஆலைகளும் வாகனங்களும் நேரடியாகப் பயன்படுத்தும் ஆற்றல்) புதுப்பிக்கத்தக்க ஆற்றலின் பங்கு எவ்வளவு என்ற குறியீட்டை எடுத்தேன். 1990 முதலான பேனல் தரவு, அதாவது பல நாடுகள், ஒவ்வொன்றுக்கும் பல ஆண்டுகள். வருமானத்தின் கெழு (வருமானம் கூடும்போது அந்தப் பங்கு எவ்வளவு மாறுகிறது என்று காட்டும் எண்) எதிர்மறையாக வருகிறது, அதுவும் வலுவாக. ஆனால் படித்த கட்டுரைகள் பலவும் இதற்கு நேர்மாறாகச் சொல்கின்றன. 18 வளரும் நாடுகளை வைத்து 2009இல் சடோர்ஸ்கி எழுதிய கட்டுரையில், தலா வருமானம் 1 சதவீதம் கூடினால் தலா புதுப்பிக்கத்தக்க ஆற்றல் நுகர்வு நீண்டகாலத்தில் ஏறத்தாழ 3.5 சதவீதம் கூடுகிறது என்று இருக்கிறது. கெழுவின் கூட்டல் கழித்தல் குறி ஏன் மாறியது என்று என் நெறியாளர் கேட்கிறார். என்ன பதில் சொல்வது?

தரவுத்தச்சன்:

ஆற்றல் கணக்குகளைத் தொகுப்பதுதான் என் வேலை. இந்தக் கேள்வி அடிக்கடி வரும். உங்கள் குறி சரி, சடோர்ஸ்கியின் குறியும் சரி. இருவரும் அளந்தது வேறு வேறு பொருளை.

நீங்கள் எடுத்த குறியீட்டுக்குள் விறகு, கரி, வறட்டி எல்லாம் அடக்கம். அதனால்தான் அந்தப் பட்டியலின் உச்சியில் காங்கோ ஜனநாயகக் குடியரசும் எத்தியோப்பியாவும் நிற்கின்றன, 90 சதவீதத்தை ஒட்டியோ தாண்டியோ. அங்கே பெரும்பாலான வீடுகள் இன்னும் விறகிலும் கரியிலும்தான் சமைக்கின்றன. வருமானம் உயர்ந்தால் முதலில் மாறுவது அடுப்பு. இந்தியாவைப் பாருங்கள்: 1990இல் பாதிக்கு மேல் இருந்த பங்கு பின்னர் மூன்றில் ஒரு பங்கை ஒட்டி இறங்கியது. அதே நாட்டின் சூரிய மின் திறன் 2025 ஜனவரியில் 100 கிகாவாட்டைத் தாண்டியது. உங்கள் கெழுவில் தெரிவது முதல் கதை மட்டும்.

இன்னொன்றும் உண்டு. மூன்று கல் அடுப்பில் எரியும் விறகின் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்கு, கூடினால் கொஞ்சம் மேலே, பாத்திரத்துக்குப் போகிறது. கேஸ் அடுப்பில் பாதிக்கு மேல் போகும். அதனால் ஒரு வீடு கேஸுக்கு மாறும்போது, சமையல் அப்படியே இருக்க, பதிவாகும் ஆற்றல் மட்டும் சில மடங்கு சுருங்குகிறது. இறுதி நுகர்வை அளக்கும் குறியீடு விறகுக்குத் தேவைக்கு மேல் எடை கொடுத்துவிடுகிறது.

இதை வெறும் கணக்கு விவகாரமாக விட்டுவிட எனக்கு மனமில்லை. வீட்டுக்குள் சூழும் புகையால் 2020இல் ஏறத்தாழ 32 லட்சம் பேர் இறந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. அந்தப் புகையிலிருந்து ஒரு பெண் வெளியே வருவதை 'புதுப்பிக்கத்தக்க ஆற்றலில் சரிவு' என்று ஓர் அட்டவணை எழுதுமானால், அந்த அட்டவணையை அப்படியே நம்பி யாரும் கொள்கை வகுக்கக் கூடாது. ஆய்வேட்டில் இதற்கு ஒரு பக்கமாவது ஒதுக்குங்கள்.

மின்பாதை:

விறகை நீக்கினாலும் வருமானம்தான் காரணம் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தென் ஆப்பிரிக்காவின் தலா வருமானம் கென்யாவைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு. ஆனால் தென் ஆப்பிரிக்காவின் மின்சாரத்தில் ஐந்தில் நான்கு பங்கு அளவுக்கு நிலக்கரிதான். கென்யாவில் பத்தில் ஒன்பது பங்கு அளவுக்குப் புதுப்பிக்கத்தக்கது, அதில் ஏறத்தாழ பாதி கிழக்கு ஆப்பிரிக்கப் பிளவுப் பள்ளத்தாக்கின் புவிவெப்பம். ஒரு நாட்டின் மண்ணுக்கடியில் என்ன இருக்கிறது என்பதை ஜிடிபி சொல்லாது.

தரவுத்தச்சன்:

நிலையான விளைவுகளை (ஒவ்வொரு நாட்டுக்கும் மாறாமல் இருக்கும் தன்மைகளைக் கழித்துவிடும் முறை) சேர்த்தால் மண்ணுக்கடியில் இருப்பது கணக்கிலிருந்து விலகிவிடும். ஆனால் உங்கள் சந்தேகம் வேறொரு வழியில் நியாயமானதே. வியட்நாம் 2019 ஜூனுக்குள் இணைக்கப்பட்ட சூரிய மின் நிலையங்களுக்கு ஒரு யூனிட்டுக்கு 9.35 அமெரிக்க சென்ட் தருவதாக அறிவித்தது. கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லாத நாட்டில் 2020 முடிவதற்குள் சுமார் 16 கிகாவாட் வந்துவிட்டது. அந்த இரண்டு ஆண்டுகளில் வருமானமா இத்தனை மடங்கு உயர்ந்தது? விலை அறிவிப்பு செய்த வேலை அது. (அப்புறம் மின்பாதைகள் ஈடுகொடுக்காமல், உற்பத்தியைக் குறைக்கச் சொல்ல வேண்டி வந்தது.) பாகிஸ்தான் 2024இல், பொருளாதார நெருக்கடிக்கு நடுவே, சீனாவிலிருந்து சுமார் 17 கிகாவாட் சூரியத் தகடுகளை இறக்குமதி செய்தது. மின்கட்டணம் எகிறியதும் மக்கள் கூரைக்குத் தாவினார்கள்.

வருமானம் நுழைவது வட்டி வழியாக. சூரிய ஒளிக்கு எரிபொருள் செலவு இல்லை, செலவு முழுக்கத் தொடக்கத்திலேயே. அதனால் கடன் என்ன விலைக்குக் கிடைக்கிறது என்பதே மின்சாரத்தின் விலையைத் தீர்மானிக்கிறது. வளரும் நாடுகளில் இத்தகைய திட்டங்களுக்கு மூலதனம் திரட்டும் செலவு (வட்டியும் முதலீட்டாளர் கேட்கும் லாபமும்) பணக்கார நாடுகளைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் என்கிறது பன்னாட்டு ஆற்றல் முகமை. அதே தகடு, அதே வெயில், ஏழை நாட்டில் யூனிட் விலை அதிகம். எனக்கு இதில் கோபமே வருகிறது.

ஆய்வு மாணவி:

மிக்க நன்றி ஐயா. அப்படியானால் எந்த மாறியை எடுப்பது? சடோர்ஸ்கி செய்ததுபோல நீர்மின்சாரத்தை விட்டுவிடலாமா?

தரவுத்தச்சன்:

விடலாம். காற்றும் சூரியனும் தரும் தலா மின்சாரத்தை முதன்மை மாறியாக வையுங்கள், விறகு உள்ள பங்கை ஒப்பீட்டுக்கு வையுங்கள். ஆண்டு விளைவுகளையும் (ஓர் ஆண்டில் எல்லா நாடுகளையும் ஒன்றுபோலப் பாதிப்பவற்றைக் கழிக்கும் மாறிகள்) கட்டாயம் சேருங்கள். 2010களில் தகடுகளின் விலை ஏறத்தாழ 90 சதவீதம் விழுந்தது, அதே ஆண்டுகளில் பல நாடுகளின் வருமானமும் ஏறியது. சேர்க்காவிட்டால் விலை செய்த வேலையை வருமானம் தன் பெயரில் எழுதிக்கொள்ளும்.

நீர்மின்சாரத்தைத் தனியாக ஓட்டிப் பாருங்கள், ஆனால் கவனமாக. சாம்பியாவின் மின்சாரத்தில் பெரும்பகுதி நீரிலிருந்து வருவது. 2024 வறட்சியில் கரீபா நீர்த்தேக்கம் வற்றி நாடு நீண்ட மின்வெட்டில் தவித்தது, அதே வறட்சி விளைச்சலையும் அழித்தது. வருமானமும் நீர்மின்சாரமும் ஒரே ஆண்டில் அடிவாங்கின. இரண்டுக்கும் இடையே அழகான நேர்மறைக் கெழு வரும், காரணம் மழை. மழையளவை ஒரு மாறியாகச் சேர்த்து ஓட்டுங்கள். வருமானத்தின் கெழு எவ்வளவு சுருங்குகிறது என்பதை இங்கேயே போடுங்கள், சேர்ந்து பார்க்கலாம்.