நல்ல பல்லைப் பிடுங்கிவிட்டுக் க்ளிப் போட வேண்டுமா? (புதுக்கோட்டை)

கேள்வி:
என் மகளுக்கு 12 வயது. மேல்வரிசையில் இரண்டு பக்கமும் தெத்துப்பல் ஏறி நிற்கிறது, சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்கிறாள், பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது. அறந்தாங்கியில் ஒரு டாக்டர் நான்கு பல்லை எடுத்துவிட்டுக் க்ளிப் போடலாம் என்கிறார். நல்ல பல்லையா? அலைனர் (பல்லின் மேல் மாட்டும் பிளாஸ்டிக் உறை) போட்டால் பிடுங்க வேண்டாமா?

பதில் 1:
பயப்படாதீங்க அக்கா. தெத்துப்பல் இறங்க தாடையில் இடம் வேண்டும், இல்லையென்றால் கோரைப்பல்லுக்குப் பின்னால் இருக்கும் சின்னக் கடைவாய்ப்பல்லை எடுத்து இடம் செய்வார்கள். எல்லோருக்கும் தேவைப்படாது. எக்ஸ்ரேயும் பல் அச்சும் எடுத்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும், எடுத்தாரா? அந்த டாக்டர் ஆர்த்தோடான்டிக்ஸில் (பல்வரிசையைச் சீராக்கும் பிரிவு) எம்.டி.எஸ். என்ற மேற்படிப்பு முடித்தவரா என்றும் கேளுங்கள். புதுக்கோட்டையிலேயே அரசு பல் மருத்துவக் கல்லூரி 2023இல் தொடங்கினார்களே, அங்கேயும் ஒரு தடவை காட்டுங்கள்.

பதில் 2:
அலைனரைக் கழற்றி மாட்டலாம், ஆனால் தினமும் 20 மணி நேரத்துக்கு மேல் வாயில் இருக்க வேண்டும், செலவும் அதிகம். என் பையனுக்கு உலோகக் க்ளிப்தான், 20 மாதம். முறுக்கு கடித்து இரண்டு முறை பிராக்கெட் (கம்பியைப் பிடிக்கப் பல்லில் ஒட்டும் சின்னத் துண்டு) கழன்றது. கம்பி முனை கன்னத்தில் குத்தினால் மெழுகை உருட்டி ஒட்டிவிடுவோம். அப்புறம் ரிடெய்னர், க்ளிப்பைக் கழற்றியபின் பல் நகராமல் இருக்கப் போடுவது! ஹாஸ்டலில் அதைப் போடாமல் விட்டான், முன்பல் மறுபடி திரும்பிவிட்டது. அதை மட்டும் விட்டுவிடாதீங்க.

கேட்டவர்:
எக்ஸ்ரே எடுக்கவே இல்லை. திங்கட்கிழமை புதுக்கோட்டைக்குக் கூட்டிப்போகிறேன். ரொம்ப நன்றி.