கேரவன் ஏசி ஹும்முனு சத்தம் மட்டும் போடுது, குளிர் வரல. ரிப்பேர் ஆகுமா, புதுசுதான் வாங்கணுமா?

ஃபீனிக்ஸ்_தம்பி:

வணக்கம் எல்லாருக்கும், கொஞ்சம் அவசரமா கேக்குறேன், தெரிஞ்சவங்க தயவுசெஞ்சு சொல்லுங்க. போன வருஷம் ஒரு பழைய ஜர்கன்ஸ் கேரவன் வாங்கினோம், கூரை மேல ஏசி இருக்கு, வாங்கும்போது நல்லாதான் ஓடுச்சு. இப்போ பசங்க ஸ்கூல் லீவுன்னு இங்க தென் ஆப்பிரிக்கால டர்பன்லேர்ந்து என்2 ரோட்ல மட்டுபட்டுபா வரைக்கும் வந்து திரும்பி செயின்ட் லூசியா பக்கத்துல ஒரு கேரவன் பார்க்ல இருக்கோம். நான், வைஃப், ரெண்டு பசங்க, எங்க அம்மா. அம்மாவுக்கு 74 வயசு, சுகர் இருக்கு, இன்சுலின் போடுறாங்க.

நேத்து ராத்திரி ஏழு மணி வாக்குல ஏசி குளிர் விடறத நிறுத்திடுச்சு. ஃபேன் சுத்துது, காத்து வருது, ஆனா சாதா காத்து. கூரைலேர்ந்து ஹும்ம்ம்னு ஒரு அஞ்சாறு செகண்ட் சத்தம், அப்புறம் டிக்னு ஒரு சத்தம், நின்னுடும். ரெண்டு மூணு நிமிஷம் கழிச்சு மறுபடி அதே கதை. ரெண்டு தடவ பார்க்ல கரன்ட் குடுக்கற போஸ்ட்ல இருக்கிற பிரேக்கர் விழுந்துடுச்சு. பார்க் மொத்தமும் ஃபுல், எல்லாரும் ஒரே நேரத்துல சமைக்கிறாங்க. ஜன்னல தெறந்து வைக்கலாம்னா கொசு, வெளியில சேர் போட்டு உக்காரலாம்னா ராத்திரில ஹிப்போ ரோட்டுக்கே வர்ற ஊரு இது. அம்மா ராத்திரி பூரா தூங்கல.

டர்பன்ல ஒரு ஏசி கடைக்கு போன் பண்ணேன், பாக்காமலேயே "கம்ப்ரஸர் போச்சு, யூனிட்டையே மாத்தணும்"னு சொல்லி ஒரு வெல சொன்னாங்க, கேட்டதும் தல சுத்திடுச்சு. இன்னும் மூணு ராத்திரி இங்க இருக்கணும். நிஜமாவே மாத்தித்தான் ஆகணுமா? அதுவரைக்கும் அம்மாவ எப்படி பாத்துக்கறது?

டொங்காட்_அக்கா:

தம்பி, மெஷின அப்புறம் பாக்கலாம், மொதல்ல அம்மாவ பாரு. நான் நர்ஸா இருந்தவ, வயசானவங்களுக்கு தாகமே சரியா தெரியாது, சுகர் இருந்தா இன்னும் மோசம், அதனால கேக்குறாங்களான்னு காத்துகிட்டு இருக்காத, அரை மணிக்கு ஒரு தரம் ரெண்டு வாய் தண்ணி நீயே குடு. மோர் கெடைச்சா உப்பு போட்டு குடு. ஆனா ஹார்ட்டுக்கோ கிட்னிக்கோ மருந்து எடுக்கறாங்கன்னா, இல்ல பிபி இருந்தா, தண்ணி எவ்ளோ உப்பு எவ்ளோன்னு டாக்டர்கிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கோ. ஈரத்துணி கழுத்து, அக்குள், கால்ல வச்சு ஃபேன அவங்க மேல திருப்பு. கடலோர ஈரக்காத்துல இது முழுசா வேலை செய்யாது, வேர்வையே காயாதில்ல, அதனால இதையே நம்பி இருக்காத. மத்தியானம் பன்னெண்டு டு மூணு கேரவன் உள்ள படுக்க வைக்கவே வேணாம், மர நெழல்ல கட்டில் போட்டு வை.

உன் பக்கில, அதான் பிக்கப் வண்டில, ஏசி இருக்கா? இருந்தா சாயந்திரம் ஒரு மணி நேரம் அம்மாவ அதுல உக்கார வச்சு ஊர சுத்தி ஒரு ரவுண்டு போயிட்டு வா, உடம்பு சூடு எறங்கிடும். ஆனா வண்டிய கேரவன் பக்கத்துல நிறுத்தி எஞ்சின ஓட்டிகிட்டு மட்டும் இருக்காத, புகைல இருக்கிற கார்பன் மோனாக்ஸைடு உள்ள போச்சுன்னா உயிருக்கே ஆபத்து, அதுக்கு வாசனையே கெடையாது.

இன்சுலின் எங்க இருக்கு? கேரவன்ல மேல் கப்போர்ட்ல வச்சிருந்தா இப்பவே எடு, கூரை ஓரம்தான் ரொம்ப சூடு. ஃப்ரிட்ஜ்ல கதவு பக்கம் வை, ஃப்ரீஸர் பக்கம் ஒட்டாம வை, ஒறைஞ்சா தூக்கித்தான் போடணும். அம்மா கொழம்பி பேசினாலோ, வேர்வை நின்னு உடம்பு நெருப்பா இருந்தாலோ ஒரு நிமிஷம் யோசிக்காம ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போ, அது வெறும் சோர்வு இல்ல.

அப்புறம் ஷேட் நெட். ஹார்ட்வேர் கடைல 80 பர்சன்ட் நெட் மீட்டர் கணக்குல வெட்டி குடுப்பான். அத கூரைல ஒட்டினாப்ல போடாத, கேரவனோட சேத்து கட்டற ரேலி டென்ட் கம்பிய வச்சு ஒரு சாண் தூக்கி கட்டு, நடுவுல காத்து போகணும். நாங்க மார்கேட்ங்கற கடலோர ஊர்ல ஒவ்வொரு டிசம்பரும் இதான் பண்றோம், உள்ள நிக்கும்போதே வித்தியாசம் தெரியும்.

சாட்ஸ்வர்த்_ஃப்ரிட்ஜ்_அண்ணா:

அக்கா சொன்னத மொதல்ல செய் தம்பி. இப்ப மெஷினுக்கு வரேன். நான் முப்பது வருஷத்துக்கு மேல ஃப்ரிட்ஜ், கோல்ட் ரூம் வேலை பாத்தவன். நீ எழுதினத படிச்சதும் மனசுல பட்டது ஒண்ணுதான்: ஹும்ம்னு முக்கி டிக்னு நிக்குதுன்னா கம்ப்ரஸர் பெரும்பாலும் செத்திருக்காது, எழுந்திருக்க பாத்து முடியாம விழுது. உள்ள ஜாம் ஆன கம்ப்ரஸரும் இப்படி முக்கும், ஆனா மத்தத பாக்காம அத முடிவு பண்ணக்கூடாது. அந்த டிக் சத்தம் ஓவர்லோடு, சூடு தாங்காம கட் பண்ணி மோட்டார காப்பாத்துது. எழுந்திருக்க முடியாததுக்கு பெரும்பாலும் ரெண்டு காரணம், ஒண்ணு மோட்டார் எழுந்திருக்க உதவற கெப்பாசிட்டர் வீக், ரெண்டாவது வோல்டேஜ் பத்தல. பல எடத்துல ரெண்டும் சேந்தே வரும், ஏன்னா வோல்டேஜ் கொறஞ்சு கொறஞ்சு கம்ப்ரஸர் முக்கிகிட்டே இருந்தா அதோட பாரம் கெப்பாசிட்டர் தலைலயும் விழும். யூனிட்ட கண்ணால பாக்காம மாத்தணும்னு சொல்றவங்க பேச்ச நம்பி பணத்த குடுக்காத, எனக்கு இத கேட்டாலே வயிறு எரியுது.

மொதல்ல ஒரு கேள்வி. விழுந்தது சாதா பிரேக்கரா, எர்த் லீக்கேஜா? ரெண்டும் வேற விஷயம். சாதா பிரேக்கர் விழுந்தா கரன்ட் அதிகமா இழுக்குதுன்னு அர்த்தம், நான் சொன்ன கதைதான். எர்த் லீக்கேஜ் 30 மில்லி ஆம்புக்கே விழும், அது விழுந்தா எங்கயோ கரன்ட் பாடிக்கு ஒழுகுது, தண்ணி எறங்கியிருக்கும் இல்ல கம்ப்ரஸர் உள்ள வைண்டிங் போயிருக்கும். அப்படின்னா ஏசி பக்கமே போகாத, ஆள கூப்பிடு.

மல்டிமீட்டர் ஒண்ணு கடன் வாங்கு. சாயந்திரம் எல்லாரும் கெட்டில் போடற நேரத்துல கேரவன் உள்ள பிளக் பாயின்ட்ல வோல்டேஜ் பாரு. நம்ம நாட்டுல 230 வோல்ட், பத்து பர்சன்ட் மேல கீழ போகலாம், அதாவது 207க்கு கீழ போகக்கூடாது. அப்புறம் உன் எக்ஸ்டென்ஷன் வயரு. எத்தன மீட்டர், எத்தன ஸ்கொயர் எம்எம்? 1.5ல 30 மீட்டர் இழுத்தா ரெண்டு கம்பியும் சேத்து முக்கா ஓம் கிட்ட ரெசிஸ்டன்ஸ், ஓடும்போது அஞ்சு ஆம்ப்னா மூணு நாலு வோல்ட்தான் போகும், அது பரவால்ல. ஆனா ஸ்டார்ட் ஆகிற அந்த ஒரு நொடி 25 ஆம்ப் கூட இழுக்கும், அப்ப 18 வோல்ட் வயர்லயே செத்துடும். ஏற்கெனவே பார்க்ல 208 இருந்தா கம்ப்ரஸருக்கு கெடைக்கறது 190. எப்படி எழுந்திருக்கும் சொல்லு. வயர ரீல்ல சுத்தி வச்சுகிட்டே யூஸ் பண்றியா? முழுசா அவுத்து போடு, சுத்தி வச்சா சூடாகி உருகிடும்.

கெப்பாசிட்டர் பாக்கணும்னா மொதல்ல போஸ்ட்லேர்ந்தே பிளக்க உருவிடு, ஸ்விட்ச் ஆஃப் மட்டும் போதாது. மேல் கவர கழட்டினா வெள்ளி டப்பா இல்லனா வெள்ள பிளாஸ்டிக் டப்பா மாதிரி இருக்கும். கரன்ட் இல்லாட்டியும் அதுக்குள்ள சார்ஜ் நிக்கும், கைய வச்சுடாத. பழைய குண்டு பல்பு ஒண்ணு ஹோல்டரோட ரெண்டு வயர் மாட்டி டெர்மினல் ரெண்டுலயும் தொட்டு ஒரு பத்து செகண்ட் பிடி, எறங்கிடும், மீட்டர் வச்சு ஜீரோவான்னு உறுதி பண்ணிக்கோ. மேல உப்பியிருக்கான்னு பாரு, எண்ணெய் கசிஞ்சிருக்கான்னு பாரு. வயர ஃபோட்டோ எடுத்துட்டு கழட்டி மீட்டர்ல மைக்ரோஃபாராட் பாரு. டப்பா மேல 30னு போட்டு அஞ்சு பர்சன்ட்னு போட்டிருந்தா 28.5க்கு கீழ வரக்கூடாது. மாத்தும்போது அதே மைக்ரோஃபாராட், வோல்டேஜ் அதே அல்லது அதுக்கு மேல, கொறைச்சு போடாத. இதுல எதுவும் உனக்கு தைரியம் வரலன்னா விட்டுடு, வெக்கப்பட ஒண்ணுமில்ல, ஒரு எலெக்ட்ரீஷியனுக்கு பதினஞ்சு நிமிஷ வேலை.

லெனேசியா_77:

நான் வேற மாதிரி சொல்றேன், அண்ணா கோவிச்சுக்கக் கூடாது. பத்து வருஷத்துக்கு மேல ஆன யூனிட்டுக்கு பணம் போடறது எனக்கு சரியா படல. கூரை ஏசி நெறைய சீல் பண்ணி வர்றது, கேஸ் அடிக்க வால்வே இருக்காது, இன்னிக்கு கெப்பாசிட்டர், நாளைக்கு ஃபேன் மோட்டார், அடுத்த மாசம் கேஸ் லீக்னு போகும். எங்களுக்கு அப்படித்தான் ஆச்சு, மூணு தரம் ஆள் வந்து காசு வாங்கிட்டு போனான், கடைசில புதுசு போட்டோம்.

தம்பி, புதுசு வாங்கற முடிவுக்கு வந்தா ரெண்டு விஷயம் பாத்துக்கோ. ஒண்ணு கூரைல இருக்கிற ஓட்டை. சில யூனிட்டுக்கு 14 இன்ச் சதுரம், அதாவது 356 மில்லி, ஐரோப்பா யூனிட் நெறைய 400 மில்லி, அளக்காம வாங்கிட்டு வந்து கூரைய அறுத்தவங்கள எனக்கு தெரியும். ரெண்டாவது பெருசா இருந்தா நல்லா குளுரும்னு நெனைக்காத. நாங்க பெருசு போட்டு, உயரத்துல ஜெனரேட்டர்ல ஸ்டார்ட்டே ஆகல. எங்க ஜோபர்க் (ஜோகன்னஸ்பர்க்) கடல் மட்டத்துலேர்ந்து 1,700 மீட்டருக்கு மேல, ஒவ்வொரு 300 மீட்டருக்கும் மூணரை பர்சன்ட் கிட்ட ஜெனரேட்டர் பவர் கொறையும், கணக்கு போட்டா அஞ்சுல ஒரு பங்கு காலி.

சாட்ஸ்வர்த்_ஃப்ரிட்ஜ்_அண்ணா:

கோவம் எதுக்கு தம்பி, நீ பட்ட கஷ்டம் நிஜம். கேஸ் லீக் ஆன சீல்ட் யூனிட்டுக்கு நானும் புதுசுதான் சொல்லுவேன். பைப்ப வெட்டி வால்வு வச்சு கேஸ் அடிக்கலாம், ஆனா அது எஸ்.ஏ.க்யூ.சி.சி கேஸ்ல (கேஸ் வேலை பாக்கறவங்கள பதிவு பண்ற அமைப்பு) ரெஜிஸ்டர் பண்ணின ஆள்தான் செய்யணும், கூலியே பாதி யூனிட் வெல ஆகிடும். ஆனா இவரு சொல்ற லட்சணம் கேஸ் லீக் இல்ல. கேஸ் கொறஞ்சா கம்ப்ரஸர் நல்லா ஓடும், குளிர்தான் வராது, காயில் ஒரு மூலைல மட்டும் ஐஸ் பிடிக்கும். இங்க கம்ப்ரஸர் ஓடவே இல்ல. உங்க வீட்டுக்கு மூணு தரம் வந்தவன் மொத தரமே என்ன நோய்னு பாக்கல, அதான் மூணு தரம் காசு போச்சு.

ஃபீனிக்ஸ்_தம்பி, கவர கழட்டும்போது வெளிக்காயிலையும் பாத்துடு. கடல் பக்கம் நிறுத்தற வண்டில உப்பு படிஞ்சு அலுமினிய ஃபின்னு மாவா உதிரும், வயர் கிளிப்பும் பச்ச பூத்துடும். நல்ல தண்ணிய மெதுவா ஊத்தி கழுவு, பிரஷர் வாஷர் வேணாம், ஃபின்னு மடங்கிடும். எலெக்ட்ரிக் பக்கம் பிளாஸ்டிக் போட்டு மூடிட்டு கழுவு.

ஃபீனிக்ஸ்_தம்பி:

அண்ணா, அக்கா, எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல. நடந்தத எழுதறேன், இன்னொருத்தருக்கு உதவும்.

அக்கா எழுதினதும் ஓடிப்போய் பாத்தேன், இன்சுலின் மேல் கப்போர்ட்லதான் இருந்துச்சு. டப்பா தொட்டாலே வெதுவெதுன்னு. பார்மஸில காட்டினோம், அத விட்டுட்டு புதுசு எடுத்துக்க சொன்னாங்க. நீங்க கேக்கலன்னா எனக்கு தோணியே இருக்காது அக்கா, நெனச்சா இன்னும் கை நடுங்குது. ஷேட் நெட் கட்டினோம், சாயந்திரம் பக்கில அம்மாவ கூட்டிட்டு எஸ்சுவரி (ஆறு கடல்ல கலக்கற எடம்) பக்கம் போனோம், அம்மா ஹிப்போவ பாத்து சிரிச்சாங்க.

பக்கத்து சைட்ல ப்ளூம்ஃபோன்டைன்லேர்ந்து வந்த ஒரு ஊம் (ஆஃப்ரிகான்ஸ்ல பெரியவர்) மல்டிமீட்டர் குடுத்து கூடவே நின்னாரு. விழுந்தது சாதா பிரேக்கர்தான், எர்த் லீக்கேஜ் இல்ல. சாயந்திரம் ஏழு மணிக்கு போஸ்ட்ல 208, கேரவன் உள்ள கெட்டில் போட்டா 197. வயர் 30 மீட்டர், 1.5தான், பாதிய ரீல்லயே சுத்தி வச்சிருந்தேன், பிளக் தொட முடியாத சூடு. கெப்பாசிட்டர் மேல 30னு போட்டிருக்கு, மீட்டர் காட்டினது 9. ஒரு கிளிப் கருகி பிளாஸ்டிக் உருகி ஒட்டியிருந்துச்சு.

மட்டுபட்டுபாவுல ஒரு எலெக்ட்ரிகல் கடைல 30 மைக்ரோஃபாராட் 450 வோல்ட் கெடைச்சுது, பழசு மேலயும் 450தான் போட்டிருந்துச்சு, டர்பன் ஏசி கடைல சொன்ன யூனிட் வெலய நெனச்சா இது ஒண்ணுமே இல்ல. புது கிளிப் போட்டோம், 2.5 வயர் வாங்கினோம். ஏசி போட்டதும் ஹும் கூட இல்லாம எடுத்துச்சு. உள்ள போற காத்து 28, வெளிய வர்ற காத்து 17. இப்ப சமைக்கிற நேரத்துல ஏசி ஓடும்போது கெட்டில் போடறதில்ல, கேஸ் அடுப்புலதான் தண்ணி காய வைக்கிறோம்.

ஒரு சின்ன சந்தேகம் அண்ணா. கவர் கழட்டும்போது பாத்தேன், கூரைக்கும் யூனிட்டுக்கும் நடுவுல இருக்கிற ஸ்பாஞ்சு ஒரு பக்கம் சப்பையா இருக்கு, மழ பேஞ்சா ஒழுகுமா?

சாட்ஸ்வர்த்_ஃப்ரிட்ஜ்_அண்ணா:

28க்கு 17, பதினொரு டிகிரி வித்தியாசம், நல்ல ஆரோக்கியமா இருக்கு தம்பி. நீ சொன்ன ஸ்பாஞ்சுதான் கேஸ்கட், அது உள்பக்கம் நாலு போல்ட்ல இறுகி நிக்கும், ரோட்ல ஆடி ஆடி லூஸாகும். உள்ள கவர கழட்டிட்டு நாலையும் குறுக்கு குறுக்கா கொஞ்சம் கொஞ்சமா இறுக்கு, ஸ்பாஞ்சு பாதி தடிமனுக்கு வந்தா போதும். ஒரேயடியா முறுக்கினா ஒரு பக்கம் நசுங்கி அங்கதான் ஒழுகும். சிலிக்கான் பூசாத, பின்னாடி எடுக்கவே முடியாது. வீட்டுக்கு போனப்புறம் ஈஸ்டருக்கு முன்னாடி புது கேஸ்கட் போட்டுடு. கரன்ட் போயி வந்தா உடனே ஏசி போடாத, மூணு நிமிஷம் விட்டு போடு, உள்ள பிரஷர் எறங்கணும். அம்மாவ கேட்டதா சொல்லு.